‘உம்’ பிடிக்காத நடுவர்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. விழா நோட்டீஸ்களில் அந்தப் பெயருக்கு முன்னால் இரண்டு வரி நீளத்துக்குப் பட்டங்களும் இருந்தன. ஆனால் கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எல்லோருக்கும் அவர் வெறும் நடுவர்தான். பட்டிமன்ற நடுவர். பால் ஊற்றுகிறவர்கூட “நடுவர் வூட்டுக்கு ஒரு லிட்டர்” என்றுதான் சொல்வார். நடுவர் என்றால் நடுவில் நிற்கிறவர் என்று பொருள். நான் பார்த்த மனிதர்களில் நடுவில் நிற்கவே தெரியாத ஒருவர் உண்டென்றால் அது அவர்தான்.

நான் கடலூர் செம்மண்டலத்தில் குடியிருக்கிறேன். சிதம்பரம் போகிற சாலையில் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் டீச்சர். எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் நான் ஒருமுறை மேடையேறிப் பேசியதைக் கேட்டுவிட்டு, நடுவர் என்னைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். “நீ நல்லா பேசற, அது வேற விஷயம். அணிக்கு ஒரு லேடீஸ் இருந்தாத்தாம்மா கூட்டம் எழுந்து போவாது” என்றார். அவர் பாராட்டும்போது இப்படித்தான், கையில் வாங்கிப் பார்த்தால் பாதி அழுகியிருக்கும். ஆனாலும் எனக்கு மேடை ஆசை இருந்தது. சனி, ஞாயிறுகளில் அவருடைய வேனில் ஏறி ஊர் ஊராகப் போனேன். எங்கள் பள்ளியின் கணக்கு டீச்சர் உமாவும் கூட வந்தாள். உமா சிதம்பரத்தில் நடராஜர் கோயிலை ஒட்டிய கீழ வீதியில் பிறந்து வளர்ந்தவள்.

நடுவருக்கு இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் சும்மா இருக்கக் கூடாது. டீக்கடைத் தட்டில் மெதுவடையும் மசால்வடையும் இருந்தால் இரண்டையும் மோதவிட்டு, ஒன்றைத் தோற்கடித்துவிட்டுத்தான் மற்றதைத் தின்பார். இத்தனைக்கும் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘உம்’ என்ற ஈரெழுத்துச் சங்கதி எப்படி இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டுகிறது என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்தியவர். ஆனால் கணவனும் மனைவியும் என்று நாம் சொன்னால் அவர் காதில் கணவனா, மனைவியா என்றுதான் விழும். “ரெண்டுன்னு வந்துட்டா ஒண்ணு தோத்துத்தான் ஆகணும்” என்பது அவர் எங்கும் சொல்கிற வாசகம். கல்யாண வீட்டிலும் சொல்வார், துக்க வீட்டிலும் சொல்வார்.

எங்கள் பங்குத் திருவிழாவில் “குடும்பம் கோயிலாவது கணவனாலா, மனைவியாலா” என்று தலைப்பு. பங்குத் தந்தை மேடைக்குப் பின்னால் வந்து பணிவாகக் கேட்டார்.

“சார், கடைசியில ரெண்டு பேராலயும்தான்னு சொல்லிடுங்க. புதுசா கல்யாணம் ஆனவுங்க நெறைய வந்திருக்காங்க.”

“ஃபாதர், ரெண்டு பேராலயும்னு சொல்றதுக்கு நான் எதுக்கு? அத நீங்களே பிரசங்கத்துல சொல்லிடலாமே.”

மற்ற நடுவர்களில் பலர் கடைசியில் இரண்டுமே தேவை என்று சொல்லி எல்லோரையும் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். அவர்களை இவர் ஆம்பளைகளாகவே மதிக்கமாட்டார். அன்று கணவன் பக்கம் தீர்ப்புச் சொன்னார். கூட்டத்தில் ஆண்கள் ஜாஸ்தி.

ஆமாம், அதுதான் அவருடைய தராசு. பண்ருட்டியில் வியாபாரிகள் நடத்திய விழாவில் “மண்ணுக்குப் பெருமை பலாவா, முந்திரியா” என்று பேசினோம். பலாதான் என்று தீர்ப்பளித்தார், மண்டபம் அதிர்ந்தது. அதே தலைப்பை அடுத்த வாரமே அண்ணாகிராமத்தில் பேசினோம். அங்கே கூடியிருந்தவர்கள் பெரும்பாலும் முந்திரிக்காரர்கள். முந்திரிதான் என்றார். நான் பேசியதும் உமா பேசியதும் இரண்டு இடத்திலும் ஒரு வரி மாறவில்லை. திரும்பும்போது வேனில் உமா கேட்டேவிட்டாள்.

“சார், போன வாரம் பலான்னீங்களே.”

“போன வாரம் பண்ருட்டிம்மா” என்றார், எனக்கென்ன பைத்தியமா என்கிற குரலில்.

போகப்போக நானும் உமாவும் அந்த வித்தையைக் கண்டுபிடித்துவிட்டோம். தீர்ப்புக்குக் கொஞ்சம் முன்னால் நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். ஜிப்பா நுனியில் துடைப்பார். துடைத்துக்கொண்டே ஓர் அணியைப் புகழ்ந்து ஒரு வாக்கியம் விட்டுவிட்டு, தலையை வலப்பக்கம் இடப்பக்கம் திருப்புவார். பிறகு அடுத்த அணிக்கு ஒரு வாக்கியம், மறுபடியும் ஒரு திருப்பல். எதற்குக் கைதட்டல் கூட விழுகிறதோ அதன் பக்கம் தீர்ப்பு. கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறும்போது முகத்தில் பெரிய சிந்தனையாளரின் களை வந்திருக்கும். ஃபிளாஸ்கிலிருந்து ஒரு வாய் வெந்நீர் குடித்து, பனங்கற்கண்டு ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, “ஆகவே” என்று ஆரம்பிப்பார். அந்த ஆகவேயைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

சிதம்பரத்தில் அவர் வீட்டில் ஒருமுறை சாப்பிட்டிருக்கிறோம். அவர் மனைவி அதிகம் பேசாதவர். சாதம், ஒரு குழம்பு, ஒரு பொரியல். ரசம்கூட இல்லை. உமா உரிமையோடு கேட்டாள். “ரசம் வைக்கலியா மாமி?”

“குழம்பும் ரசமும் வச்சா எது நல்லாருக்குன்னு ஆரம்பிச்சிடுவாரு. தோத்தத நான்தான் ராத்திரிக்குத் துன்னணும். அதான் எது வச்சாலும் ஒண்ணா வச்சிடறது” என்றார். நாங்கள் சிரித்தோம். அந்த அம்மா சிரிக்கவில்லை.

அவர்களுக்கு இரண்டு பையன்கள். குழம்பு விஷயத்தில் செய்த தந்திரத்தைப் பிள்ளைகள் விஷயத்தில் அந்த அம்மாவால் செய்ய முடியாமல் போய்விட்டது. பெரியவனுடைய கல்யாண வரவேற்பில் நடுவர் மைக்கைப் பிடித்தார். பெற்றவர்களுக்குப் பெரிதும் பெருமை சேர்த்தது மூத்தவனா, இளையவனா என்று தொடங்கி, வந்தவர்களைச் சிரிக்க வைத்து, கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாப்பிள்ளை மேடையில் நிற்கும்போது இளையவனுக்கு யார் கைதட்டுவார்கள்? ஆகவே மூத்தவன். இளையவன் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தான், அதை அங்கேயே கீழே வைத்துவிட்டு வெளியே போனான். அதற்குப் பிறகு அப்பாவோடு அவன் பேசவே இல்லை என்று கேள்விப்பட்டேன். பேச்சு வந்தபோது நடுவர் சொன்னது, “அவனுக்கு ஸ்போர்ட்டிவ் கம்மி.”

அவரிடம் நல்லதே கிடையாதா என்று கேட்டால், ஒன்று உண்டு. சொல்லாவிட்டால் நியாயமில்லை. நிகழ்ச்சி முடிந்து எவ்வளவு நேரமானாலும் பெண் பேச்சாளர்களைத்தான் முதலில் வீட்டில் இறக்கிவிடுவார். கதவு திறந்து விளக்கு எரிகிற வரைக்கும் வேனை நகர்த்தவிடமாட்டார். என் வீட்டுக்காரர், “இந்த ஆளத் திட்டறதுக்கு எதுக்கு வாரா வாரம் போற?” என்று கேட்கும்போதெல்லாம் இதைத்தான் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி மரத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியின் பின்பக்கச் சுவரை ஒட்டி மூன்று ஒதியமரங்கள் இருந்தன. எங்கள் பக்கத்தில் ஒதியமரத்துக்கு மரியாதை கிடையாது. வளர்ந்தும் பிரயோசனமில்லாத பிள்ளையை “ஒதியமரம் மாதிரி நிக்கிறான் பாரு” என்று திட்டுவார்கள். பலகைக்கு ஆகாது, விறகுக்கும் சுமார்தான். கிளையை வெட்டி வேலிக்காலாக நட்டு வைப்பார்கள், அவ்வளவுதான் அதன் பயன். அந்த மூன்று மரங்களில்தான் ஒரு மழைக்காலத்தில், தடித்த பச்சைப் புழுக்களைப் பார்த்தேன். புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து, அது அந்துப்பூச்சி இனத்தைச் சேர்ந்த நிலாப்பூச்சியின் புழு என்று தெரிந்துகொண்டேன். உள்ளங்கை அகலத்துக்கு வெளிர்பச்சை இறகு, ஒவ்வோர் இறகிலும் ஒரு கண் போட்ட மாதிரி பொட்டு, கீழே ரிப்பன் போல நீண்ட இரண்டு வால். சின்ன வயதில் தெருவிளக்கடியில் அதைப் பார்த்திருக்கிறேன். பிறகு வருஷக்கணக்கில் கண்ணில் படவில்லை. எங்கள் பக்கத்தில் அது அருகிப் போய்விட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன். இப்போது என் வகுப்பறை ஜன்னலுக்கு எதிரே இருக்கிறது. அன்று முழுக்க எனக்குப் பாடம் நடத்தவே ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பொங்கல் நெருங்கும்போது புழுக்களெல்லாம் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டி உள்ளே போய்விட்டன. அந்த வாரம்தான் தாளாளர், பின்சுவர் பக்கம் அழகுபடுத்தப் போகிறோம், ஒதியமரங்களை எடுத்துவிடலாம் என்றார். நான் அவர் அறைக்குப் போய், பூச்சிகள் வெளியே வருகிற வரைக்கும், ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். மரத்தை விடச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. “பாப்போம் டீச்சர்” என்றார்.

அந்தக் கவலையை வேனில் உமாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். செல்போனில் இருந்த படத்தை முன்சீட்டிலிருந்த நடுவரிடமும் காட்டினேன். “அடடே, பச்சையா, வாலு வச்சிகிட்டு, நல்லா இருக்கே” என்றார். நான் உற்சாகமாகி வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டேன். மலைக்காட்டில் கடமான் அருகிவருகிறது. இங்கே சுவரோரத்தில் நிலாப்பூச்சி அருகிவருகிறது. இரண்டையும் விரட்டுவது ஒரே காரணம், ஒதுங்குகிற இடம் போய்விடுகிறது. ஆனால் மானுக்குக் காடு இருக்கிறது, காவலுக்கு ஆள் இருக்கிறது, சுட்டால் பேப்பரில் வருகிறது. செத்தால் ஊருக்கே தெரியும். பூச்சி செத்தால், அது இருந்ததே யாருக்கும் தெரியாது. மானும் பூச்சியும் சேர்ந்து பிழைத்தால்தான் உண்டு என்றேன்.

நடுவர் திரும்பி உட்கார்ந்தார். கண் மின்னியது.

“மானா, அந்துப்பூச்சியா. தலைப்பு பிரமாதம்மா.”

“இல்ல சார், மானும் பூச்சியும்னு சொன்னேன்.”

“அதான், மானா, பூச்சியா.”

எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு அதுவே பட்டிமன்றத் தலைப்பாகிவிட்டது. “இன்று பெரிதும் காக்கப்பட வேண்டியது அருகிவரும் மானா, அருகிவரும் அந்துப்பூச்சியா.” தாளாளருக்கு ஒரே குஷி. “டீச்சர், நீங்களே பூச்சிக்காகப் பேசுங்க. நடுவர் பூச்சின்னு தீர்ப்பு சொல்லிட்டா, நீங்க கேட்ட மாதிரி மரத்துல கை வைக்கல. மான்னு சொல்லிட்டா மறுபேச்சு பேசக் கூடாது, சரியா?” என்றார், ஆசிரியர்கள் எல்லோர் முன்னாலும். மூன்று மரங்களும் அதில் தொங்கிய கூடுகளும் அந்த மனிதரின் மூக்குக்கண்ணாடியில் வந்து மாட்டிக்கொண்டன.

நோட்டீஸ் அடிக்கும் முன் நான் நடுவருக்குப் போன் செய்தேன். அந்துப்பூச்சி என்று போட வேண்டாம், நிலாப்பூச்சி என்று போடுங்கள் என்றேன். அந்து என்றால் நம் பெண்களுக்கு அரிசியில் வருவதுதான் ஞாபகம் வரும்.

“பாடப் புத்தகத்துல அந்துப்பூச்சின்னுதானம்மா இருக்கு? நீ சயின்ஸ் டீச்சர், நீயே மாத்தச் சொல்லலாமா?” என்றார். அந்துப்பூச்சியாகவே அச்சானது.

நானும் உமாவும் ஒரு வாரம் தயார் செய்தோம். நியாயம் பேசிப் பயனில்லை, கைதட்டல் வாங்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெளிவாகத் தெரியும். விழாவன்று மைதானம் நிரம்பியிருந்தது. பாதிப் பேர் அம்மாக்கள். மேடைக்குப் பின்னால் ஒதியமரங்கள். அவற்றின் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஏதோ ஒன்றைத் துணிபோட்டு மூடி வைத்திருந்தார்கள். பரிசுப் பொருளாக இருக்கும் என்று நினைத்தேன்.

மான் அணியின் தலைவர் ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். குரல் நன்றாக இருக்கும், அதற்குள் ஒன்றும் இருக்காது. அவர் கவரிமானில் ஆரம்பித்தார். ஒரு முடி உதிர்ந்தால் உயிரை விட்டுவிடுமாம், அப்பேர்ப்பட்ட மானமுள்ள மான் நம் காட்டில் அழிந்துகொண்டிருக்கிறதாம். கவரிமா என்பது மானே இல்லை, பனிமலையில் இருக்கிற எருமை மாதிரி ஒரு மாடு, அதற்கு வருஷா வருஷம் முடி உதிரத்தான் செய்யும் என்று நான் குறுக்கே சொன்னேன். நடுவர் மணியை அடித்து என்னை உட்கார வைத்தார். ஏஜெண்ட் அடுத்த அம்பை எடுத்தார்.

“சிவபெருமான் கையில ஏந்தியிருக்கிறது மானையா, அந்துப்பூச்சியையா?”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என் முறை வந்தபோது நான் ஒரே விஷயத்தைச் சொன்னேன். சாதுவான ஆளை வாயில்லாப் பூச்சி என்று சொல்கிறோம் இல்லையா, இது நிஜமாகவே வாயில்லாப் பூச்சி. கூட்டை விட்டு வெளியே வந்தபிறகு தின்பதற்கு அதற்கு வாயே கிடையாது. பறக்கும், முட்டையிடும், சில நாளில் செத்துப்போகும். யாருடைய சோற்றிலும் கை வைக்காது. அதற்காகப் பேச இந்த மேடையை விட்டால் வேறு இடமில்லை என்றேன். அம்மாக்கள் உச்சுக்கொட்டினார்கள், ஓரளவு கைதட்டலும் விழுந்தது.

அடுத்து உமா எழுந்தாள்.

“சிவன் கையில மான் இருக்கு, ஒத்துக்கறோம். ஆனா நம்ம சிதம்பரத்து நடராஜர் கையில இன்னா இருக்கு? ஒரு கையில உடுக்கை. ஒரு கையில நெருப்பு. நெருப்பத் தேடிகிட்டு வர்ற உயிரு மானா, பூச்சியா? சாமிய மான் தேடிப் போவாது. மானத்தான் சாமி தூக்கி வச்சிக்கணும். தானா தேடிப் போறது பூச்சிதான்.”

மைதானம் எழுந்துவிட்டது. கடைசி வரிசையிலிருந்து விசில் வந்தது. நான் உமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மரம் தப்பித்தது என்றே நினைத்தேன்.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மான் அணியைப் புகழ்ந்து ஒரு வாக்கியம். வலம், இடம். நல்ல கைதட்டல். எங்கள் அணிக்கு ஒரு வாக்கியம். வலம், இடம். அதைவிட இரண்டு மடங்கு. அவருடைய ஆயுள் முழுக்க நடந்த முறைப்படி பார்த்தால் கண்ணாடி அப்போது மூக்கில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. முன்வரிசையில் தாளாளரை ஒரு பார்வை பார்த்தார்.

“தாய்மார்களே, ஒரே ஒரு கேள்வி. உங்க வூட்டு அரிசியில அந்து வந்துச்சின்னா இன்னா பண்ணுவீங்க?”

ஓர் அம்மா “பொடைச்சித் தள்ளுவோம்” என்றார். இன்னொருவர் “வெயில்ல கொட்டுவோம்” என்றார். சிரிப்பு பரவியது.

“அதே வூட்டு வாசல்ல ஒரு மான்குட்டி வந்து நின்னா?”

“உள்ள கூப்புடுவோம்” என்று ஒரே குரலில் வந்தது. கைதட்டல் உமாவுக்கு விழுந்ததையும் தாண்டிப் போனது.

கண்ணாடி மூக்கில் ஏறியது. வெந்நீர். பனங்கற்கண்டு. ஆகவே, மான்.

பொன்னாடை போர்த்தியதும் அவரை மேடைக்குப் பின்னால் அழைத்துப் போய்த் துணியை இழுக்கச் சொன்னார்கள். உள்ளே சிமெண்டு மான். புள்ளிமானின் பொட்டும் கலைமானின் கொம்பும் உதட்டில் சிவப்புச் சாயமுமாக, எந்தக் காட்டிலும் இல்லாத மான். அது ஒரே ராத்திரியில் முளைத்திருக்க முடியாது. அதைத் திறக்கப் போவது தான்தான் என்பது நடுவருக்கு நோட்டீஸ் அடிக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். அந்துப்பூச்சி என்ற பெயரை அவர் ஏன் விடவில்லை என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

திரும்பும்போது வேனில் நான் நடுவரிடம் கேட்டேன்.

“சார், அது அரிசி அந்து இல்லன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்மா.”

“போட்டோ காட்டினேனே.”

“பச்சையா, வாலு வச்சிகிட்டு. ஞாபகம் இருக்கு. ஆனா ரெண்டுன்னு வந்துட்டா ஒண்ணு தோத்துத்தான் ஆகணும்.”

“மரத்த வெட்டப் போறாங்க சார்.”

“அது தீர்ப்புக்கு அப்பறம் நடக்கறது. நமக்கும் அதுக்கும் சம்பந்தம் கெடையாது.”

தெரியாமல் சொல்கிறவனை மன்னித்துவிடலாம். தெரிந்துகொண்டே, இத்தனை பேரைச் சிரிக்க வைத்து, ஒரு வாயில்லாப் பூச்சியை அரிசிப் பானைக்குள் தள்ளிய ஆள் இவர். செம்மண்டலத்தில் என்னை இறக்கிவிட்டு, வழக்கம்போல என் வீட்டு விளக்கு எரிகிற வரைக்கும் வேன் நின்றது. அன்றைக்கு அந்த மரியாதைகூட எனக்கு அருவருப்பாக இருந்தது. அதற்குப் பிறகு நான் அந்த வேனில் ஏறவில்லை.

திங்கட்கிழமை காலையில் நான் போவதற்குள் மரங்கள் கிடந்தன. இலையையும் சுள்ளியையும் கூட்டிப் பெருக்கிக் கொளுத்தியிருந்தார்கள். ஓரமாக எரியாமல் கிடந்த குப்பையைக் கிளறி, நசுங்காத கூடுகள் சிலவற்றை எடுத்து, சாக்பீஸ் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒன்றிலிருந்து மட்டும் ஒரு பூச்சி வந்தது. ஒரு பக்கத்து இறகு விரியவே இல்லை. சமையல்கட்டுச் சுவரில் தத்தித் தத்தி ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்து நான் அழுதேன். என் வீட்டுக்காரர் எழுந்துபோய் ட்யூப்லைட்டை அணைத்தார்.

சிமெண்டு மானைப் பிள்ளைகள் தொடாமலிருக்கச் சுற்றிலும் வேலி போட வேண்டும் என்றார் தாளாளர். வேலை செய்தவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். வேலிக்கால் என்றால் அவர்கள் வேறெங்கே போவார்கள்? வெட்டிப் போட்ட ஒதியங்கிளைகளையே அளவாக நறுக்கி, மானைச் சுற்றி நட்டு, கம்பி கட்டினார்கள். அடுத்த மழைக்கு அத்தனை காலும் துளிர்த்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. நாலைந்து வருஷத்தில் மானைச் சுற்றி ஒரு தோப்பே எழும்பிவிட்டது. மானுக்கு வெயில் படாததால் பாசி பிடித்து, ஒரு கொம்பு உடைந்து, துருப்பிடித்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நடுவரை நான் கடைசியாகப் பார்த்தது அங்கேதான். ஆசிரியர் தின விழாவுக்கு அழைத்திருந்தார்கள். அவர் மனைவி அதற்கு முந்தைய வருஷம் போய்விட்டார். இளைய மகன் கொள்ளி வைக்கிற இடத்துக்கு வந்து, அம்மாவைப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் பேசாமலே திரும்பினான் என்று உமா சொன்னாள். வேன் இல்லை, குழு இல்லை. யாரோ ஒருவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து, விழாவுக்கு வெகு முன்னதாகவே இறக்கிவிட்டுப் போயிருந்தார். மைதானத்தில் நாற்காலிகள் மட்டும் போட்டிருந்தன. வெயில் தாங்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப்போய் ஒதியமர நிழலில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள்.

“நல்ல நெழலும்மா. இன்னா மரம் இது?” என்றார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை.

“ஒதியமரம் சார்.”

“ஒதியமரமா” என்று சிரித்தவர், காதோரம் தாழ்ந்திருந்த கொப்பைப் பார்த்துச் சட்டென்று தலையை விலக்கினார். அங்கே ஒரு நிலாப்பூச்சி தொங்கிக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் வெளியே வந்திருக்க வேண்டும், இறகில் ஒரு கசங்கல் இல்லை. வெளிர்பச்சை, நான்கு பொட்டு, இரண்டு வால். நான் தண்ணீர்ச் செம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

நடுவர் முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இது இன்னாம்மா, இலையா, பூச்சியா?”

“நீங்கதான் சார் நடுவர். நீங்களே சொல்லுங்க” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஜிப்பா நுனியில் துடைத்தார். தலையை வலப்பக்கம் திருப்பினார். பிறகு இடப்பக்கம். மைதானம் முழுக்கக் காலி நாற்காலிகள். நான் கைகளை அசைக்காமல் நின்றேன். அவர் கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மறுபடியும் வலப்பக்கம் பார்த்தார்.